வெளியான கட்டுரை ஒன்றுகூட இல்லை, இன்டர்ன்ஷிப்புக்கு எதை அனுப்புவது?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கே இன்டர்ன்ஷிப் கேட்டாலும் "இதுவரை வெளியான கட்டுரைகளை அனுப்புங்கள்" என்கிறார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. "சமூக ஊடகமும் இளைஞர்களும்", "பெண் கல்வியின் அவசியம்" என்று இரண்டு கட்டுரைகள் எழுதிப் பல பத்திரிகைகளுக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை (இரண்டையும் இணைத்திருக்கிறேன்). சென்னையில் எனக்கு யாரையும் தெரியாது. அம்மா பீடி சுற்றித்தான் படிக்க வைக்கிறார், சம்பளமில்லாமல் சென்னையில் தங்கி வேலை பழக வசதி இல்லை. ஒரு இணையதளத்தில் பணம் கட்டினால் பிரஸ் கார்டும் தந்து கட்டுரையும் போடுகிறோம் என்கிறார்கள். கட்டலாமா? செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டுகிற போர்ட்ஃபோலியோவில் என்னென்ன இருக்க வேண்டும்? எனக்கு ஆங்கிலம் சுமார்தான், அது தடையா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பணம் கேட்கிற அந்த இணையதளத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள், பேரம்கூடப் பேசாதீர்கள். எழுதுகிறவருக்குப் பத்திரிகைதான் பணம் கொடுக்க வேண்டும், அவரிடம் வாங்கக் கூடாது. பிரஸ் கார்டு என்பது ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை பார்க்கிறவருக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. அரசு அங்கீகார அட்டை என்றால் அது வேறு, அதை நிறுவனத்தின் பரிந்துரையின் பேரில் செய்தி மக்கள் தொடர்புத் துறை கொடுக்கும். இரண்டுமே விலைக்கு விற்கிற பொருள் இல்லை. காசு கொடுத்து வாங்கிய அட்டையோடு ஒரு தாலுகா ஆபீஸில் போய் நின்றால், அதே அட்டையைக் காட்டி மிரட்டி வசூல் செய்கிற ஆட்களோடு உங்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மாவட்டத்தில் ஒருமுறை அந்தப் பெயர் வந்துவிட்டால் அப்புறம் எத்தனை நல்ல கட்டுரை எழுதினாலும் போகாது.

சரி, இப்போது உங்கள் கட்டுரைகள். இரண்டையும் முழுதாகப் படித்தேன். தமிழ் சுத்தமாக இருக்கிறது, வாக்கியங்கள் தடுமாறாமல் போகின்றன, பத்தி எங்கே முடிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிகிறது. இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, இறுதியாண்டு மாணவர்கள் பலரிடம்கூட இது இல்லை. ஆனால் இரண்டு கட்டுரையிலும் ஒரு மனிதர்கூட வாய் திறக்கவில்லை. ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை, நீங்கள் நேரில் போய்ப் பார்த்த இடம் என்று ஒன்றும் இல்லை. திருநெல்வேலியில் உட்கார்ந்து எழுதினாலும் தர்மபுரியில் உட்கார்ந்து எழுதினாலும் இதே கட்டுரைதான் வந்திருக்கும். அதைப் போட வேண்டிய அவசியம் எந்த ஆசிரியருக்கும் இல்லை. பெண் கல்வி அவசியம் என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை, அவருடைய வாசகருக்கும் இல்லை. பதில் வராததற்குக் காரணம் இதுதான். சென்னையில் ஆள் தெரியாததை இதற்குக் காரணமாக நினைக்காதீர்கள்.

பத்திரிகையில் செய்திகளைத் திருத்துகிற டெஸ்கில் உட்கார்ந்து மாணவர்களின் மெயில்களைத் திறந்து பார்க்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் மனதில் ஓடுகிற கேள்வி ஒன்றுதான். இந்தப் பிள்ளையிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் போய் விசாரித்து, சரிபார்த்து, சொன்ன நேரத்தில் கொண்டு வந்து கொடுக்குமா? நடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் உதவி ஆசிரியர் திருத்திக்கொள்வார். விசாரிக்காமல் விட்டதை டெஸ்கில் யாராலும் இட்டு நிரப்ப முடியாது. "வெளியான கட்டுரைகளை அனுப்புங்கள்" என்று கேட்பதும் இதற்காகத்தான். வெளியானது என்றால், யாரோ ஒருவர் ஏற்கெனவே உங்களை நம்பிப் பார்த்து அது சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் உங்களுக்கு இப்போது தேவை, நீங்கள் களத்துக்குப் போகிற ஆள் என்று காட்டுகிற ஒரு ஸ்டோரி. ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டாவது தானாகவே கொஞ்சம் சுலபமாகும்.

அந்த ஸ்டோரி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அம்மா பீடி சுற்றுகிறார் என்ற வரியை வசதியில்லை என்பதற்குக் காரணமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்த இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தேன். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் வீடு வீடாகப் பெண்கள் செய்கிற தொழில் அது. இலையை எப்படி நனைத்து வெட்டுவார்கள், ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, பீடிக்கடையில் எண்ணி வாங்கும்போது எதைக் கழித்துப் போடுகிறார்கள், பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது, பி.எஃப். யாருக்குப் பிடிக்கிறார்கள், யாருக்குப் பிடிப்பதில்லை என்று சென்னையில் இருந்து வருகிற ஒரு நிருபர் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகும். அவரிடம் உண்மையைச் சொல்லலாமா என்று அந்தப் பெண்கள் முடிவு செய்ய இன்னும் ஒரு வாரம் ஆகும். உங்களுக்கு அந்த இரண்டு வாரமும் தேவையில்லை.

"பீடிச் சுற்றும் பெண்களின் அவல நிலை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதுவும் பெண் கல்வி கட்டுரையின் தம்பிதான். ஒரு சின்னக் கேள்வியை எடுங்கள், பதில் தெரியாத கேள்வியாக எடுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பீடித் தொழிலாளர் நலனுக்காக 1976இல் சட்டம் போட்டு, பீடிக்கு செஸ் என்ற தனி வரி வசூலித்து, அந்த நிதியில் இருந்து மருத்துவம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, வீட்டுக்கு உதவி எல்லாம் நடந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தச் செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை இருக்கிறது, மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது. செஸ் நின்ற பிறகு அந்த மருத்துவமனைக்கு வருடா வருடம் எவ்வளவு பணம் வருகிறது? அங்கே மருத்துவர், செவிலியர், லேப் ஆள் என்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்றைக்கு நிரம்பியவை எத்தனை? ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மாதத்தில் வந்த நோயாளிகள் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? பதில் என்னவாக வரும் என்று எனக்குத் தெரியாது, நீங்களும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று வந்தால் அதுவும் செய்திதான்.

இதை எப்படி விசாரிப்பது? இரண்டு வழியாகவும் போக வேண்டும். ஒன்று, நேரில். காலையில் போய் வரிசையில் நிற்கிறவர்களோடு பேசுங்கள். எந்த ஊரில் இருந்து வந்தார்கள், எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள், எதை வெளியே வாங்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு வராமல் தனியார் கிளினிக்குக்குப் போகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள், ஏன் அங்கே போகவில்லை என்று. இன்னொன்று, காகிதம். ஆர்டிஐ என்று சொல்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்களுக்குப் பிரஸ் கார்டைவிடப் பெரிய ஆயுதம், அதற்கு எந்த நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை, இந்தியக் குடிமகளாக இருந்தால் போதும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் பத்து ரூபாய். மத்திய அரசு அலுவலகம் என்பதால் இந்தியன் போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பலாம், மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் போடலாம். மாநில அரசு அலுவலகம் என்றால் மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தரவில்லை என்றாலோ, அரைகுறையாகத் தந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையில் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு போடலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

ஆர்டிஐ மனுவில் மாணவர்கள் அதிகமாகச் சறுக்குகிற இடம் கேள்வியின் வடிவம். "ஏன் மருத்துவர்களை நியமிக்கவில்லை?" என்று கேட்டால், இது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "1.4.2019 முதல் இன்று வரை இந்த மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதி முதல் காலி என்ற விவரங்களின் நகல் தரவும்" என்று கேளுங்கள். ஆவணத்தைக் கேளுங்கள், விளக்கத்தைக் கேட்காதீர்கள். விளக்கம் கேட்கிற இடம் அப்புறம் வரும், அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் நேரில் போய்க் கேட்கும்போது. அந்த நேரத்தில் அவர் தரப்பைக் கேட்காமல் கட்டுரையை முடிக்கவே கூடாது. அவர் பேச மறுத்தால், எந்தத் தேதியில் கேட்டீர்கள், மெயிலிலா நேரிலா, பதில் வந்ததா என்பதைக் கட்டுரையில் எழுத வேண்டும். ஒரு மாணவி கட்டுரையில் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே ஆசிரியருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அம்மா அந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதை மறைக்காதீர்கள். ஆசிரியருக்கு எழுதும் முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள், கட்டுரையிலும் ஒரு வரி இருக்கட்டும். ஆனால் அம்மாவையே முக்கியமான சாட்சியாக வைக்க வேண்டாம். அவருக்கு வேலை கொடுக்கிற பீடிக்கடைக்காரர் நாளைக்கு அதைப் படிப்பார். உங்கள் பெயரில் ஒரு கட்டுரை வர, அம்மாவுக்கு இலை குறையக் கூடாது. இது மற்ற பெண்களுக்கும் பொருந்தும். பெயர் போடலாமா, போட்டோ போடலாமா என்று பேட்டி முடிந்த பிறகு ஒருமுறை மறுபடி கேளுங்கள். பேச்சு வேகத்தில் சரி என்றவர்கள், நிதானமாக யோசித்துவிட்டு வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றினால் அதைத் தனியாக ஒரு அனுபவக் கட்டுரையாக எழுதுங்கள், அதற்கும் இடம் தருகிற பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் செய்திக் கட்டுரையும் அதுவும் கலக்க வேண்டாம்.

ஆர்டிஐ பதில் வரும்வரை முப்பது நாள் சும்மா இருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு மாவட்டம் முழுக்க இருந்து ஆட்கள் மனுவோடு வந்து நிற்பார்கள், ஒரு மாணவிக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. மனு கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் பேசுங்கள், அவர்கள் கையில் இருக்கிற மனுவின் நகலை அனுமதி கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வருகிற நிருபர்கள் எல்லாரும் தீக்குளிக்க முயன்றவர், தரையில் உருண்டவர் என்று கண்ணில் படுகிற சம்பவத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் ஒரே விஷயத்துக்கு இது எத்தனையாவது மனு என்று கேளுங்கள். போன மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். அதே போல கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது, உங்கள் ஊராட்சியில் போன வருடம் போட்ட தீர்மானங்களில் எது நடந்தது என்று பார்த்தாலே ஒரு கட்டுரை. சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கிறது, அதில் உங்கள் மாவட்டத்தின் பெயர் வருகிற பக்கங்களைத் தேடிப் படியுங்கள். அங்கே "முடிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிற ஒரு பாலத்தை, ஒரு விடுதியை, ஒரு குடிநீர்த் திட்டத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது அனுப்புகிற விஷயம். முழுக் கட்டுரையை முகம் தெரியாத பத்து ஆசிரியர்களுக்கு ஒரே மெயிலில் போட்டு அனுப்புவதை விட்டுவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு இடம். பிட்ச் என்று சொல்கிற முன்மொழிவை மட்டும் முதலில் அனுப்புங்கள், மெயிலிலேயே எழுதி, ஒரு போன் திரையில் பாதிக்கு மேல் போகாமல். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். திருநெல்வேலியில் இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி. முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் இத்தனை, நிரம்பியவை இத்தனை என்று இந்தத் தேதியில் ஆர்டிஐ பதில் வந்திருக்கிறது. மூன்று ஊர்களில் பீடி சுற்றும் பெண்களிடமும், மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், ஒரு தொழிற்சங்க நிர்வாகியிடமும் பேசியிருக்கிறேன். 900 சொற்களில், நான் எடுத்த படங்களோடு, வெள்ளிக்கிழமைக்குள் தர முடியும். என் அம்மாவும் பீடித் தொழிலாளி, கட்டுரையில் அதைக் குறிப்பிடுவேன். ஆர்டிஐ நகலை இணைத்திருக்கிறேன்."

இவ்வளவுதான். சிறு வயதில் இருந்தே பத்திரிகை மீது எனக்குத் தீராத ஆர்வம் என்பதெல்லாம் வேண்டாம். மெயிலின் தலைப்பு வரியில் "கட்டுரை அனுப்புதல் தொடர்பாக" என்று எழுதினால் அது அப்படியே கீழே போய்விடும், "முக்கூடல் பீடி மருத்துவமனை: ஆர்டிஐ பதில்" என்று எழுதுங்கள். கட்டுரையைக் கேட்டால் யூனிகோடில் அனுப்புங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அங்கே அது ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் திறக்கும், பிடிஎஃப்பாக அனுப்பினால் திருத்த முடியாது. ஒரு வாரம் பாருங்கள், பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லை என்றால் "வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடம். பதில் போடாதவர் மேல் கோபம் வேண்டாம், அதே ஆசிரியர் அடுத்த பிட்ச்சை எடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

எங்கே அனுப்புவது? விகடன் குழுமத்தின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் உங்களை மாதிரி ஊரில் இருந்தே படிக்கிறவர்களுக்காகவே இருப்பது, அறிவிப்பு வரும்போது தவறாமல் விண்ணப்பியுங்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதலாம், இன்றைக்குத் தமிழ் ஊடகங்களில் இருக்கிற பலர் அந்த வழியாக வந்தவர்கள். அதற்குத் தேர்வாகவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். கிராமப்புற வாழ்க்கை, தொழில்கள் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்றால் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி (PARI) என்ற இணையதளம் இருக்கிறது. மாணவர்களின் கட்டுரைகளுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு, இந்திய மொழிகளில் எழுதுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள், பீடி சுற்றும் பெண்கள் மாதிரி ஒரு விஷயத்தை அவர்கள் எடுத்துச் செய்கிற பொறுமை வேறு இடத்தில் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஒவ்வொரு தகவலையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். அந்தக் கேள்விகளில் இருந்து நீங்கள் கற்றுக்கொள்வது ஒரு செமஸ்டர் பாடத்தைவிட அதிகமாக இருக்கும்.

இதெல்லாம் பெரிய இடங்கள். அதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். நாளிதழ்களுக்குத் திருநெல்வேலியிலேயே பதிப்பு இருக்கிறது, அங்கே இருக்கிற தலைமை நிருபரை நேரில் போய்ப் பார்க்கலாம், மாலைப் பதிப்பு வேலை தொடங்குவதற்கு முன், மதியம் போங்கள். சென்னையில் ஆள் வேண்டும் என்று கவலைப்படுகிறீர்கள், உங்களுக்கு இப்போது வேண்டியவர் பாளையங்கோட்டையிலோ ஜங்ஷனிலோ டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கையில் விஷயத்தோடு போங்கள். "எனக்கு வாய்ப்பு தாருங்கள்" என்று போகிறவரை அவர் அடிக்கடி பார்க்கிறார், "இந்த ஆர்டிஐ பதிலைப் பாருங்கள் சார்" என்று வருகிற மாணவியை எப்போதோ ஒருமுறைதான் பார்ப்பார். தாலுகா அளவில் செய்தி கொடுக்கிற பகுதி நேர நிருபர்களோடும் பழகுங்கள், ஊரில் எந்த அலுவலகத்தில் யார் உண்மை பேசுவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கல்லூரியில் பயிற்சிக்காக நடத்துகிற லேப் ஜர்னல் இதழையும் மார்க்குக்காக மட்டும் செய்யாதீர்கள். அங்கே வெளியானதும் வெளியானதுதான், நன்றாக விசாரித்த கட்டுரையாக இருந்தால்.

பணம் வாங்காமல் எழுதலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்துக்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. என் கருத்து இதுதான். கல்லூரி இதழ், சிற்றிதழ், தன்னார்வமாக நடக்கிற தளம் இவற்றுக்கு இலவசமாக எழுதலாம். விளம்பரம் வாங்கி லாபத்துக்கு நடக்கிற நிறுவனம் என்றால் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னவுடனேயே, "இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள், பயணச் செலவு தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்புகிற இடத்தில் உங்களுக்கு எதிர்காலம் இல்லை. பைலைன், அதாவது கட்டுரையில் உங்கள் பெயர் வருவதுதான் சம்பளம் என்று சொல்லி மாதக்கணக்கில் பிள்ளைகளை வேலை வாங்குகிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே பத்திரிகையாளராக முடியும் என்ற நிலைமையை உண்டாக்குவது இந்தப் பழக்கம்தான், அதனால் இதைப் பற்றி என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை. ஊரில் இருந்தபடியே செய்யக்கூடிய இன்டர்ன்ஷிப் உண்டா, மாவட்ட அலுவலகத்தில் சேர்த்துக்கொள்வீர்களா, உதவித்தொகை உண்டா என்று கேட்டே விண்ணப்பியுங்கள். கேட்பது கௌரவக் குறைவு இல்லை.

போர்ட்ஃபோலியோ. இதற்குப் பெரிய வேலைப்பாடு ஒன்றும் தேவையில்லை. கூகுள் சைட்ஸ் அல்லது வேர்ட்பிரஸில் இலவசமாக ஒரு பக்கம், மேலே உங்கள் பெயர், ஊர், என்னென்ன மொழி, மெயில் முகவரி. கீழே ஐந்தாறு வேலைகள், சிறந்தது முதலில். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள், இதை எப்படி விசாரித்தீர்கள் என்று: எத்தனை பேரிடம் பேசினீர்கள், எந்த ஆவணம், வெளியான பிறகு ஏதாவது நடந்ததா. இந்த இரண்டு வரியை யாரும் எழுதுவதில்லை, ஆசிரியர் படிப்பது அதைத்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். ஆவணத்தை வைத்து எழுதியது ஒன்று, அன்றன்றைக்கே எழுதிக் கொடுத்த செய்தி ஒன்று, ஒரு மனிதரைப் பற்றியது ஒன்று, படமோ வீடியோவோ ஒன்று. குழுவாகச் செய்த வீடியோ என்றால் அதில் உங்கள் வேலை எது என்று நேர்மையாகப் போடுங்கள், பேட்டி எடுத்தீர்களா, எடிட் செய்தீர்களா என்று. வெளியாகாத கட்டுரையைப் போடலாமா என்றால், போடலாம், "பிரசுரமாகாதது" என்று குறிப்பிட்டு, முழுமையாக விசாரித்ததாக இருந்தால் மட்டும். கவிதை, பேச்சுப் போட்டிச் சான்றிதழ், பயிலரங்கில் கலந்துகொண்ட சான்றிதழ் எதுவும் அந்தப் பக்கத்தில் வேண்டாம். வெளியான அன்றைக்கே பிடிஎஃப்பாகவும் ஸ்கிரீன்ஷாட்டாகவும் சேமித்துவிடுங்கள், இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்திலும் இணைப்பை ஏற்றி வையுங்கள். தளங்கள் மூடும், இணைப்பு மாறும், உங்கள் பெயர் தாங்கிய வேலை ஒரு நாளில் காணாமல் போய்விடும். அச்சில் வந்ததைத் தேதி தெரியும்படி பக்கத்தோடு எடுத்து வையுங்கள். நோட்டுப் புத்தகம், ரெக்கார்டிங், ஆர்டிஐ உறை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள், யாராவது மறுத்தால் அதுதான் பேசும். ஏஐ கருவியில் எழுதி அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், களத்தில் ஒரு பெண் உங்களிடம் சொன்னதை அது கேட்டிருக்காது.

சட்டம் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இதில் மாணவி என்பதற்காகச் சலுகை கிடையாது. அவதூறு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 72ஆம் பிரிவில் குற்றம், குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். பெயரைப் போடாமல் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பள்ளி, தெரு, உறவினர் பெயர் எதன் மூலமாகவும் ஆள் தெரியக் கூடாது. நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு, இங்கே தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதி என்ற விஷயத்தில் நீங்கள் எழுத விரும்பலாம், எழுத வேண்டிய விஷயமும்தான், ஆனால் அதை முதல் கட்டுரையாகத் தனியாளாக எடுக்காதீர்கள். ஒரு ஆசிரியரின் துணை கிடைத்த பிறகு செய்யுங்கள், தவறு நடந்தால் அடிபடுவது நீங்கள் மட்டுமில்லை, பேசிய பிள்ளையும்தான். அப்புறம் எங்கே போனாலும் எங்கே போகிறேன், யாரைப் பார்க்கிறேன், எப்போது திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், இதை அண்ணன் ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன்.

கடைசியாக ஆங்கிலம். தடை இல்லை. தமிழில் நன்றாக விசாரித்து எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் தட்டுப்பாடுதான். ஆனால் ஆர்டிஐ பதில், நீதிமன்றத் தீர்ப்பு, தணிக்கை அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் பேசுவதற்கு அல்ல, படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்கு ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற சிஏஜியின் அறிக்கையில் தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு அத்தியாயத்தை அகராதியோடு உட்கார்ந்து படிப்பது நல்ல பயிற்சி, அதிலேயே இரண்டு ஸ்டோரி சிக்கும். போர்ட்ஃபோலியோவில் ஒவ்வொரு தமிழ்க் கட்டுரைக்கும் ஆங்கிலத்தில் நான்கு வரிச் சுருக்கம் போட்டு வையுங்கள், பிழையைத் திருத்த உங்கள் துறை ஆசிரியர் யாரையாவது கேளுங்கள், வெளி மாநில ஆசிரியரும் அப்போது உங்களைப் படிக்க முடியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஆர்டிஐ மனு. எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் போடுங்கள், கேள்விகளைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.